பெரம்பலூர்ப் பொட்டலில் ஒரு பழைய கடல்



பள்ளிமுனையில் பிறந்தவளுக்குக் கால்தடம் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் வற்றிய நேரத்தில் சேற்றில் இறங்கினால், முன்னால் போனவள் யார், சுமையோடு போனாளா, வெறுங்கையோடு போனாளா, போய் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தடத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர் ஏறினால் எல்லாம் அழிந்து போகும். ஆகவே அக்காவின் மகள் தொலைபேசியில், "சித்தி, நீங்க ஒரு தடவை வாங்க. டைனோசர் இருந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். பல கோடி வருசத்துத் தடமெல்லாம் கல்லா நிக்குது" என்று சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். என்னைச் சின்னம்மா என்று கூப்பிட வேண்டிய பிள்ளை. இந்தியாவில் பிறந்ததால் சித்தி என்கிறாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் படித்தவள். நிலவியல் என்றால் மண்ணும் கல்லும் எப்படி உண்டானது என்ற படிப்பு.

உண்மையைச் சொன்னால் டைனோசரைப் பார்க்க நான் போகவில்லை. அக்காவைப் பார்க்கப் போனேன். கடைசியாக அவளைக் கண்டது 2003 இல்.

1990 இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது எங்கள் குடும்பமும் இரவோடிரவாகப் பள்ளிமுனைக் கரையிலிருந்து படகேறியது. எனக்கு அப்போது 13 வயது, அக்காவுக்கு 19. அம்மம்மா படுக்கையில் கிடந்ததால் அண்ணன் அவவோடு நின்றுவிட்டான். அவனுக்கு 17. முழங்கால் அளவு சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டவன் அவன்தான். அடுத்த மாதம் சந்தைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை என்ற செய்தி மண்டபம் முகாமில் எங்களுக்குக் கிடைத்தது. அவ்வளவுதான். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் தெரியாது. அக்கா முகாமிலேயே கலியாணம் முடித்துப் பெரம்பலூர் துறைமங்கலம் முகாமுக்குப் போய்விட்டாள். சமாதான காலத்தில் அம்மாவும் நானும் ஊர் திரும்பினோம். அம்மா இப்போது இல்லை.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியதும், இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சீட்டுச் சேர்த்த காசு கையில் வந்ததும் கடவுச்சீட்டு, விசா அலுவல்களை முடித்துக்கொண்டு 2025 பங்குனியில் புறப்பட்டேன். ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம். 1990 இல் நாங்கள் இரண்டு இரவும் ஒரு பகலும் தவித்துக் கடந்த கடல் அது. கப்பலில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். எனக்குக் குளிருக்கும் அழுகை, நினைவுக்கும் அழுகை.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் கண்டு அழுது முடித்த கதையை இங்கே எழுதவில்லை. அது எல்லோர் வீட்டிலும் நடந்த கதை. மூன்றாம் நாள் விடிய, மகள் ஒரு வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பெரம்பலூரை விட்டு ஆலத்தூர்ப் பக்கம் போகப் போக இரு பக்கமும் சோளக்காடு, பருத்தி, சின்ன வெங்காயம். சோளம் என்று நான் சொன்னது மக்காச்சோளத்தை. பிறகு பச்சை குறைந்து வேலிக்கருவேலும் வெள்ளை மண்ணுமாகியது. முதலில் நாங்கள் இறங்கிய இடம் சாத்தனூர். அங்கே ஒரு வாய்க்காலோரம் வேலி அடைத்து, ஒரு மரத்தைப் படுக்க வைத்திருக்கிறார்கள். மரமென்று சொன்னாலும் அது கல். நீளம் 18 மீற்றர். கிட்டப் போய்ப் பார்த்தால் பட்டையின் வரி தெரிகிறது, கணு தெரிகிறது, தட்டினால் கல்லின் சத்தம் கேட்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் என்ற அறிஞர் 1940 இல் இதை உலகுக்கு அறிவித்தார். இப்போது அது தேசிய நிலவியல் சின்னம். வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று சொல்கிறார்கள். பூக்கும் மரங்கள் பூமியில் பெருகுவதற்கு முந்திய, ஊசியிலை மரச் சாதி.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "எங்கட பெருக்கமரத்தைவிடப் பெரிசோடி?" என்று கேட்டாள். எங்கள் பள்ளிமுனைப் பெருக்கமரம் உங்களில் பலர் பார்த்ததுதான். உயரம் ஏழரை மீற்றர்தான். ஆனால் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பார்கள், 700 வருடம் என்பார்கள். "அக்கா, எங்கட மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டினா அந்தக் கயிறு இந்த மரத்தைவிட நீளம்" என்று சொன்னேன். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. ஊரை விட்டுப் போன ஆட்களுக்கு ஊரிலுள்ள எதுவும் தோற்கக்கூடாது.

மரம் கல்லாவது எப்படி? மகள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆற்று வெள்ளத்தில் அடிபட்டு வந்த மரம் கடலில் விழுந்து, உக்கிப்போக முன்னரே சேற்றுக்குள் புதைந்துவிட்டது. காற்றுப் படாத இடத்தில் உக்கல் மெதுவாகத்தான் நடக்கும். மண்ணில் ஊறிய தண்ணீர் தன்னில் கரைந்திருந்த மணிக்கல்லின் சத்தை மரத்தின் ஒவ்வொரு சிறு அறைக்குள்ளும் கொண்டுபோய் வைத்தது. மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக, கல் அதே வடிவத்தில் நின்றது. இந்தப் பகுதியில் கிடைக்கும் கல்மரத் துண்டுகள் சிலவற்றில், மரத்தைத் துளைக்கும் கடற்புழுவின் ஓட்டைகளும் அப்படியே கல்லாகி இருக்கின்றனவாம். படகுப் பலகையை அரிக்கும் அதே இனம். எங்கள் ஐயா அதைத் திட்டாத நாளில்லை. அவ்வளவு பழைய எதிரி என்று அவருக்குத் தெரியாது.

அங்கிருந்து காரை என்ற ஊர்ப்பக்கம் போனோம். இதை எப்படி எழுதுவது! மழை அறுத்த மேடும் பள்ளமுமாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த களிமண் குன்றுகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. மரம் இல்லை, புல்லும் அரிது. நிலமெங்கும் கண்ணாடிச் சில்லு உடைத்துப் போட்டது போல மினுக்கம். அது கண்ணாடியல்ல, ஜிப்சம் என்ற உப்புக்கல். ஒரு சொட்டு நிழல் கிடையாது. நான் பாலைவனம் பார்த்ததில்லை. இனிப் பார்க்கத் தேவையுமில்லை.

குனிந்து நடந்தபோது கால்விரலுக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. விரல் மொத்தம், ஒரு முனை கூர், மண்ணிறம். சகோதரிகளே, எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. சன்னம்! கை நீட்டின அக்காவை நான்தான் பிடித்து இழுத்தேன். "தொடாதே!" என்று கத்தினேன். மீளக்குடியேறிய காலத்தில் மிதிவெடி, வெடிக்காத குண்டு பற்றிக் கேட்ட வகுப்புகள் உடம்போடு ஊறிவிட்டன. மகள் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சித்தி, இது பெலம்னைட். கணவாய் மீன் மாதிரி ஒரு உயிர். அதோட உள் ஓடு" என்றாள்.

கணவாய்! கணவாய் ஓடு தெரியாத பள்ளிமுனைப் பொம்பிளை உண்டா? எத்தனை நாள் கழுவி வெட்டியிருக்கிறேன், எத்தனை ஓடு கரையில் பொறுக்கியிருக்கிறேன். அதன் பழைய உறவுக்காரர் பத்துக் கோடி வருடத்துக்கு முன் இங்கே நீந்தியிருக்கிறார்கள். வாலோரத்தில் இருந்த கூரான கடினப் பகுதிதான் சன்னம் போல எஞ்சுகிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, பாரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சங்குச் சக்கரம் போலச் சுருண்ட அமோனைட் ஓடுகளின் துண்டுகள். அதுவும் கணவாய்க் கூட்டத்து உறவுதான். கடலடி மண்ணில் நண்டுச் சாதி தோண்டிய வளைகள்கூடக் கல்லாகி நிற்பதை மகள் காட்டினாள். அவள் தொலைபேசியில் சொன்ன "தடம்" இதுதானாம்! "டைனோசர் கால்தடம் எங்கே?" என்று கேட்டால், "அது ராஜஸ்தான்ல சித்தி" என்கிறாள். ஆளைக் கூப்பிடுவதற்காகச் சொன்ன பொய்.

ஆனால் வந்ததற்கு நான் வருந்தவில்லை. இலங்கை, இந்தியா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒரே தரையாக இருந்து பிளந்தபோது, இந்தியாவுக்கும் எங்களுக்கும் நடுவில் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. அந்தக் கடல் ஊட்டத்தூர், காரை, அரியலூர் வரை ஏறி நின்றது. இந்தத் தாழ்வுக்குக் காவிரிப் படுகை என்று பெயர். அதன் மறு பக்கம் பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னார்த் தீவின் அடிவரை வருகிறது. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்களே, அந்தத் துளைகள் இறங்கியது இதே பழைய கடலின் படிவுகளுக்குள்தான். 2011 இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டதும் பழைய கடல் விட்டுப்போன படிவுகளில்தான். காரையில் வெயிலில் கிடப்பது, எங்கள் காலுக்குக் கீழே ஆழத்தில் கிடக்கிறது. முகாமில் 35 வருடம் "அந்தக் கரை, இந்தக் கரை" என்று பேசிய அக்காவுக்கு இதைக் கேட்டதும் ஒன்றும் பேச வரவில்லை.

சரி, டைனோசர் எங்கே? அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு ஊர். அங்கே மாபெரும் எலும்புகள் கிடைத்தன. கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீற்றர் நீளம். நிலவியல் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1980களின் கடைசியில் இதைப் பற்றி எழுதி, பெரும் உடல் கொண்டது என்ற பொருளில் புருஹத்காயோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். அண்மைக் கணக்கு ஒன்று அதன் நிறையை 110 தொன்னுக்கும் மேல் என்கிறது. தரையில் நடந்த உயிர்களில் இதுவே மிகப் பெரியதாக இருந்திருக்கலாம். ஆனால் எலும்பு இப்போது இல்லை. வெளியே எடுத்ததும் பொடியத் தொடங்கி, ஆய்வுகூடம் போய்ச் சேராமலே மழையிலும் மண்ணிலும் கரைந்துவிட்டது. அதனால் உலகத்து அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. அது எலும்பே இல்லை, மரக்கட்டையாக இருக்கும் என்றும் சொன்னார்கள். 2022 இல், அகழ்ந்த காலத்தில் எடுத்த பழைய படங்கள் வெளியிடப்பட்டன. அதன் பிறகுதான் பலர் மீண்டும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கேட்டாள்: "அப்ப ஒரு படம் இருந்தால் காணுமோ?"

அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுடைய படம் எங்களிடம் ஒன்றே ஒன்று. லூசியம்மா கோயில் திருநாளில் ஆறேழு பொடியன்களோடு நின்று எடுத்தது. முகம் ஒரு நகத்தளவு. அதைப் பெரிதாக்கித்தான் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் கொடுத்தேன். 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாகப் போகிறது. அக்காவுக்கு இந்த அலைச்சலில் விருப்பமில்லை. "அவன்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுத்திட்டு ஆறுவம்" என்று பல வருடமாகச் சொல்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. நான் இருக்கிறான் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு விசயத்தில் இரண்டு பேரும் தொலைபேசியில் எத்தனையோ முறை கோபித்து வைத்திருக்கிறோம். அன்று கோபிக்கவில்லை. "காணாது அக்கா. ஆனா அதுவும் இல்லையெண்டால் ஒண்டுமே இல்லை" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வேப்பமரத்தடியில் இருந்தோம். மகள் தன் கைத்தொலைபேசியில் ராஜஸ்தான் தடங்களைக் காட்டினாள். தார்ப் பாலைவனத்தில், ஜெய்சல்மேருக்குப் பக்கத்தில் தையாத் என்ற ஊர். 2014 இல் அங்கு வந்த வெளிநாட்டு, உள்நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். மூன்று விரல் தடம். ஒன்று 30 சென்ரிமீற்றர் அளவு; இன்னொன்று ஐந்தரை சென்ரிமீற்றர்தான், கோழிக்கால் போல. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு முன், அந்தப் பாலைவனம் கடற்கரையாக இருந்த காலத்தில் நடந்துபோன உயிர்களுடையவை.

எங்கள் சேற்றுத் தடம் அழிகிறது, அது ஏன் அழியவில்லை? இதற்கு மகள் சொன்ன பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மிகத் தண்ணீரான சேற்றில் தடம் மூடிக்கொள்ளும். காய்ந்த தரையில் பதியவே பதியாது. இரண்டுக்கும் நடுப்பட்ட ஈரம் வேண்டும். பதிந்தபின் கொஞ்சம் வெயில் காய வேண்டும். அதற்குப் பிறகு வேறு ஒரு மண், இழுத்து அரிக்காமல் மெதுவாக வந்து மூடவேண்டும். மூடிய மண் ஒரு சாதி, கீழே உள்ள மண் வேறு சாதி என்றால்தான் பல காலம் கழித்து இரண்டும் பிரிந்து தடம் வெளியே தெரியும். கோடித் தடத்தில் ஒன்றுக்குக்கூட இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

ஆபிரிக்காவில் தான்சானியா நாட்டில் லேட்டோலி என்ற இடத்தில் 36 இலட்சம் ஆண்டுக்கு முந்திய, மனிதரின் முன்னோர் நடந்த தடங்கள் இருக்கின்றன. எரிமலைச் சாம்பல் விழுந்து, மழை நனைத்து, அதன்மேல் நடந்து போயிருக்கிறார்கள். மேரி லீக்கி என்ற பெண் ஆய்வாளரின் குழு 1978 இல் அதைக் கண்டது. ஏறக்குறைய 27 மீற்றர் தூரம், பெரிய கால் ஒன்றும் சின்னக் கால் ஒன்றும் பக்கத்தில் பக்கமாகப் போகின்றன. அளந்து, படமெடுத்து, அச்சு எடுத்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திரும்ப மண்ணால் மூடினார்கள். வெயிலிலும் மழையிலும் விட்டால் போய்விடும் என்பதால். பிறகு மரவேர்கள் இறங்கியதால் 1990களில் மறுபடி திறந்து, செப்பனிட்டு, மறுபடியும் மூடினார்கள்.

"தீடையில நாங்கள் நடந்தது ஞாபகமோ?" என்றாள் அக்கா. எப்படி மறக்கும். படகுக்காரர் எங்களை இராமர் அணை மணல் திட்டி ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பினார். விடிந்தபோது திட்டி முழுக்க எங்கள் குடும்பத்தின் தடம். மத்தியானத்துக்குள் அலை துடைத்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துத்தான் அன்று அழுதா.

வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. 2018 இல் மன்னார் நகரில் சதொச கட்டட வேலை நடந்த இடத்தில் மனித எலும்புகள் வெளிவந்தது உங்களுக்குத் தெரியும். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். வேலிக்கு வெளியே நின்ற பொம்பிளைகளில் நானும் ஒருத்தி. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. 2019 பங்குனியில், அவை 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று அறிக்கை வந்தது. அறிக்கையைப் பற்றிப் பலரும் பல கேள்வி கேட்டார்கள். நான் அன்று வீட்டுக்கு வந்து, அண்ணன் இல்லை என்று ஆறுதல்படுவதா, திரும்பவும் ஒன்றும் தெரியாமல் போயிற்றே என்று அழுவதா என்று தெரியாமல் அடுப்படியில் இருந்தேன்.

மகள் பொறுமையாகச் சொன்னாள். எலும்பில் உள்ள ஒரு வகைக் கரி, உயிர் போன நாளிலிருந்து அளவாகக் குறைந்து வரும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால் காலம் தெரியும். ஆனால் 50,000 வருடத்துக்கு மேல் அந்தக் கணக்குச் செல்லாது. பழைய பாறைக்கு எரிமலைச் சாம்பலில் உள்ள வேறு உலோகங்களை அளப்பார்கள். காரை போன்ற இடத்தில் எந்த அமோனைட் எந்த அடுக்கில் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு இனமும் ஒரு காலத்தில் மட்டும்தான் இருந்தது. வலையில் என்ன விழுந்தது என்று கேட்டால் நாங்கள் மாதம் சொல்லுவதில்லையா, அப்படி. "ஆனா எடுத்த இடம் முக்கியம் சித்தி. எந்த அடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுன்னு எழுதி வைக்காம எடுத்துட்டா, அப்புறம் அது சும்மா கல்லுதான்" என்றாள்.

நான் மடியில் முடிந்து வைத்திருந்த பெலம்னைட்டை அவிழ்த்தேன். திருடியதுதான், மறைக்கவில்லை. புறப்படு முன் காரை மேட்டுக்குத் திரும்பிப் போய், எடுத்த இடம் என்று நினைத்த இடத்தில் வைத்தேன். சரியாக அதே இடமா என்பது சந்தேகம்தான். போகிறவர்கள் கல்லொன்றும் எடுக்கவேண்டாம். பங்குனி சித்திரையில் போகவும் வேண்டாம். மார்கழி, தை நல்லது. தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள், அங்கே கடை இல்லை. உருண்டைக் கல்லைக் காட்டி டைனோசர் முட்டை என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். 2020 இல் குன்னத்தில் அப்படி ஒரு பரபரப்பு எழுந்து, கடைசியில் அது கடற்படிவு உருண்டை என்று தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் பொழுது சாய்ந்து குன்றுகளெல்லாம் செம்மஞ்சளாகக் கிடந்தன. அக்கா நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் படகு தள்ளின இடம் இப்பவும் அப்பிடியே கிடக்கோ?"

"இல்லை அக்கா. அங்க இறங்குதுறைக்குச் சீமெந்து போட்டிட்டினம்."

அவள் பேசவில்லை. நான்தான் தொடர்ந்தேன். "போட்ட அண்டைக்கு ஈரம் காய முதல் ஒரு நாய் குறுக்கால நடந்து போயிருக்கு. பதின்மூண்டு தடம். அப்பிடியே இறுகிப்போய்க் கிடக்கு. மேசன் பேசின பேச்சு ஊரெல்லாம் கேட்டது."

அக்கா அன்று முழுக்க அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆற்ற நாயடி?" என்று கேட்டாள்.